பாறை வட்டமாகக் கடிக்காது

பாறை என்றாள் எடெல்மீரா.
பாறைதான் என்றான் நிபால்டோ,
லாரியை விட்டு இறங்காமலே.
கெய்யோன் துறையில் ஜூலை மழை
பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது.
படகின் அடியில் மல்லாந்து,
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தேன்.

நான்கு ஓட்டைகள்.
நான்கும் ஒரே அளவு.
என் பெருவிரல் உள்ளே போய்
எதிலும் இடறாமல் ஒரு சுற்று சுற்றி வந்தது.

பாறை கடித்த படகுகள் எத்தனையோ
என் கொட்டகைக்கு வந்திருக்கின்றன.
பாறை பிறாண்டும், கிழிக்கும்,
கண்ணாடி நாரைப் பிய்த்து
வைக்கோலாய்த் தொங்கவிடும்.
காம்பஸ் வைத்து வட்டம் போடாது.

இன்னொன்று.
துளைக்கிற பல் நுழையும் பக்கம்
விளிம்பு மழமழவென்று இருக்கும்;
வெளியேறும் பக்கம்தான் உடையும்.
இங்கே வெளிப்பூச்சுதான்
சில்லுச் சில்லாய்ப் பெயர்ந்திருந்தது.
ஆக, கடல் தானாக வரவில்லை.
யாரோ உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்து
அதற்குக் கதவு திறந்திருக்கிறார்கள்.

பாறைதான் என்றேன் நானும்.
கூலியைச் சொன்னேன்.

ஓட்டையை அடைக்க
முதலில் அதைப் பெரிதாக்க வேண்டும்.
வாடிக்கையாளர் முகம் சுளிக்கிற கட்டம் இதுதான்.
ஒரு பங்கு கனத்துக்குப் பன்னிரண்டு பங்கு சரிவு:
பெருவிரல் போன ஓட்டை
சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்துவிடும்.
விரல் கணுவால் தட்டிக்கொண்டே போவேன்.
டக் என்றால் நல்ல இடம்.
தொப் என்றால் உப்பு குடித்த இடம்,
அதையும் தேய்த்து எடு.
கிரைண்டரை நிறுத்தியபோது
நான் மாவு மில்லில் வேலை செய்பவன் போலிருந்தேன்.
கழுத்து மடிப்பில் அரிப்பு மூன்று நாளைக்கு நிச்சயம்.

ஆறு டிகிரிக் குளிரில் ரெசின் இறுகாது.
அவசரப்பட்டு ஹார்டனரைக் கூட்டினால்
டப்பாவிலேயே கொதித்துப் புகையும்.
தார்ப்பாய் கட்டினேன்.
இரண்டாம் நாள் எடெல்மீரா
ஒரு ஹீட்டரைக் கொண்டுவந்து வைத்தாள்,
படுக்கையறையில் இருந்ததாம்.
ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.
நான் நார்ப்பாயை வெட்டுவதைப் பார்த்தாள்:
சின்ன வட்டம், அதைவிடக் கொஞ்சம் பெரிது,
அதைவிடப் பெரிது.

'எத்தனை நாள் ஆகும்?'
'நாலு.'
'அவரிடம் பத்து என்று சொல்லுங்கள்.'

உருளையை அழுத்தி ஓட்டினேன்.
குமிழி ஒன்று ஓரத்துக்கு நகர்ந்து
வெடித்து மறைந்தது.
வெள்ளைப் பாய் ரெசின் குடித்து
கண்ணாடியாய்த் தெளிய,
அடியில் மெழுகு தடவி முட்டுக் கொடுத்த
பலகையின் ரேகைகூடத் தெரிந்தது.
'குளிராக இருக்கிறது' என்றேன், 'பத்து ஆகலாம்.'

வடக்குக் காற்று ஐந்தாம் நாள் திரும்பியது.
முள்ளெலி எடுக்க
குவைதேகாஸ் தீவுகளுக்குப் போயிருந்த படகுகள் மூன்று.
இரண்டு வந்தன.
மூன்றாவதிலிருந்து ஒரு ஐஸ் பெட்டி மட்டும்,
மூடி கழலாமல், கரைக்கு வந்தது.
நிபால்டோ அன்றைக்கெல்லாம்
இறங்குதளத்தில் தொப்பியைப் பிசைந்தபடி நின்றான்.
மாலையில் கொட்டகைக்கு வந்து
படகைத் தொடாமல் போய்விட்டான்.

பத்தாம் நாள் பட்டி பார்த்து, பூச்சடித்து,
உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து முடித்தேன்.
எனக்கு மட்டும் நான்கு இடமும் தெரியும்.
வெள்ளையில் அங்கே ஒரு பால் நிறம் கூடுதல்.

ஏற்றத்தோடு படகு மிதந்தது.
உள்ளே உலர்ந்த செய்தித்தாளை விரித்து
ஒரு மணி நேரம் காத்திருந்தோம்.
செய்தித்தாள் நனையவில்லை.
நிபால்டோ பணத்தை எண்ணிக் கொடுத்தான்.
பிறகு, எடெல்மீரா கயிற்றை அவிழ்க்கப் போன நேரம் பார்த்து,
கோட்டுப் பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்தான்.
வட்டத் துளை போடும் ரம்பம்.
பற்களுக்கிடையில் வெள்ளைப் பொடி.

'இது உங்களிடம் இருக்கட்டும்' என்றான்,
'எங்கள் வீட்டில் பாறை அதிகம்.'

சிரிக்கலாமா என்று அவன் முகத்தைப் பார்த்தேன்.
அவன் ஏற்கெனவே திரும்பி,
அவள் வீசிய கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

நல்ல ரம்பம். ஜெர்மன் எஃகு.
போன வாரம்கூட
ஒருவருக்கு மேல்தளத்தில்
வடிகால் துளை போட்டேன் அதில்.